ஆற்றில் எடுத்தாலும் அளந்து எடு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. வீண் செலவைக் கண்டிக்க எழுந்த இம்மொழியை இந்நாளில் சற்றே மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றிலிருந்து எடுத்தாலும் அளந்து எடுக்க வேண்டும் என்பதே அம்மாற்றம். போடுவதில் அளவு தவறினால் போட்டவன் மட்டுமே நஷ்டமடைவான். எடுப்பதில் அளவு தவறினாலோ, எடுத்தவன் லாபத்தோடு போய்விட, மேலூரிலும் கீழூரிலும் இருப்பவர்கள் நஷ்டத்தைச் சுமக்கிறார்கள். ஆற்றோரங்களில் மண்ணெடுப்பதற்கும் நிலம் நிரவுவதற்கும் ஒரு வரையறை வேண்டும் என்று சொல்வதன் காரணம் முழுவதும் இதில் அடங்கிவிடும். அந்த நஷ்டம் எவ்வாறு நேர்கிறது என்பதையும், வரையறை எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இது பொறியியலார் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று. நம் நெசவாளர் வாழும் ஊர்கள் பல ஆற்றங்கரையில் அமைந்தவை. பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகியவை காவிரிக் கரையிலும், கரூர் அமராவதிக் கரையிலும், பரமக்குடி வைகைக் கரையிலும் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காவிரியில் விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவில் வெள்ளம் வந்தபோது, முதலில் குறிப்பிட்ட மூன்று ஊர்களிலும் கரையோர வீடுகளுக்குள் நீர் புகுந்தது. குழித்தறி வைத்திருக்கும் நெசவாளிக்கு வீட்டுக்குள் ஒரு சாண் தண்ணீர் வந்தாலே போதும். கால் வைத்து மிதிக்கும் குழி நிறைந்து, பாவும் நூலும் நனைந்து, தறி நின்றுவிடும். தண்ணீர் வடிந்த பிறகும் குழி உலரும்வரை கூலி இல்லை. பயிரிடுவோர் நிலை இதனினும் கடுமையானது. காவிரி, கொள்ளிடப் படுகைகளில் வாழையும் கரும்பும் வைத்திருப்போருக்குக் கரை ஓரிடத்தில் அரிக்கப்பட்டால் அவ்வாண்டு விளைச்சலோடு நிலமும் சேர்ந்து போய்விடும். விளைச்சல் போனால் கடன் வாங்கி மறுமுறை பயிரிடலாம். போன நிலத்தைக் கடனாகத் தருவார் எவருமிலர்.

படுகையின் இயல்பு

ஆறு என்பது கோடையில் நாம் காணும் நீரோட்டம் மட்டுமன்று. பெருவெள்ளக் காலத்தில் நீர் பரந்து நிற்கும் இடம் முழுவதும் ஆற்றைச் சேர்ந்ததே. அவ்விடத்தையே படுகை என்கிறோம். நெடுங்காலமாக வெள்ளம் கொணர்ந்த மணலும் வண்டலும் படிந்து உண்டான நிலம் அது. வெள்ளநீர் ஆற்றின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் அதன் வேகம் குறைவதால், பருமனான மணல் அங்கேயே விழுந்துவிடுகிறது. நுண்ணிய வண்டல் தொலைவுக்குச் சென்று படிகிறது. ஆகவே ஆற்றின் விளிம்பு சற்று மேடாகவும், உள்ளே செல்லச் செல்லத் தாழ்வாகவும் இருப்பது இயற்கை. அவ்விளிம்பு மேட்டின்மேல் நாணலும் கோரையும் மருதும் புங்கும் வேரோடி மண்ணைப் பிடித்து நிற்கின்றன.

இவ்வமைப்பு நமக்கு மூன்று உதவிகளைச் செய்கிறது. முதலாவது, வெள்ளத்தின் உச்சத்தைத் தணிக்கிறது. படுகையில் பரந்து நிற்கும் நீர் சிறிது நேரம் அங்கே தங்கிச் செல்வதால், கீழூர்க்காரர்களை ஒரே மூச்சில் சென்று தாக்குவதில்லை. இரண்டாவது, வேகத்தைக் குறைத்து வண்டலைப் படியச் செய்கிறது. எருவிடாமலே விளைந்த படுகை நிலங்களின் வளம் இவ்வாறு வந்ததுதான். மூன்றாவது, மணற்பரப்பு நீரை உறிஞ்சித் தன்னுள் தேக்கி வைத்துக் கோடையில் கிணறுகளுக்கு வழங்குகிறது. பட்டா நம் பெயரில் இருக்கலாம். கிஸ்தியும் நாமே செலுத்தலாம். ஆயினும் வெள்ளம் வரும் சில நாட்களுக்கு அந்நிலத்தின் அனுபோகம் ஆற்றுக்கே உரியது. இதை ஒப்புக்கொண்டு நடப்பவர்க்கு ஆறு துணையாகவும், மறந்து நடப்பவர்க்குப் பகையாகவும் அமைகிறது.

குழி இருந்த இடத்தில் இராது

ஆற்றில் ஒரு குழி வெட்டினால் அடுத்த வெள்ளம் அதைத் தூர்த்துவிடும், ஆகவே கேடில்லை என்று எண்ணுவோர் பலர். குழி தூர்வது மெய்யே. ஆனால் எந்த மணலைக் கொண்டு அது தூர்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. மேலேயும் கீழேயும் உள்ள மணலைக் கொண்டே அக்குழி நிரம்புகிறது. இதைச் சிறிது விரிவாகக் காண்போம்.

ஓடும் நீர் தன் வேகத்திற்கு ஏற்ற அளவு மண்ணைச் சுமந்து செல்லும். நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை அறுபத்து நான்கு மடங்காகலாம் என்பது பொறியியல் நூல்கள் கூறும் விதி. இப்போது ஒரு குழியை நினைத்துக் கொள்வோம். குழியின் மேற்புற விளிம்பில் நீர் சரிந்து விழுகிறது. சரிவு மிகுவதால் வேகம் மிகுகிறது. விளிம்பு அறுக்கப்பட்டுப் பின்வாங்குகிறது. அடுத்த நாள் விளிம்பு இன்னும் சிறிது மேலே இருக்கும். இவ்வாறு குழி, ஓட்டத்திற்கு எதிராக மேல்நோக்கி நடக்கத் தொடங்குகிறது. தன் வழியில் பாலத்தூண் இருந்தால் அதன் அடியை வெறுமையாக்கும். கிளையாறு வந்து சேரும் இடத்தை அடைந்தால் கிளையாற்றினுள்ளும் புகும். பாசன வாய்க்காலின் தலைமதகைக் கடந்தால், மதகு மேலே நிற்க ஆறு கீழே ஓடும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், வயலுக்கு வராது.

குழியின் கீழ்ப்புறத்தில் நேர்வது வேறு. நீர் சுமந்து வந்த மணலெல்லாம் குழியில் விழுந்துவிடுகிறது. சுமையை இறக்கிவிட்டு வெளியேறும் இந்நீரைப் "பசித்த நீர்" என்று ஆற்றியல் அறிஞர் கூறுவர். தன் ஆற்றலுக்கு ஏற்ற சுமையைத் தேடி, அது கீழேயுள்ள அடிமணலையும் கரையையும் தின்று செல்லும். அணையிலிருந்து வெளிவரும் நீரும் இத்தகையதே. 1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிந்தது முதல், மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே காவிரியில் எடுக்கும் மணல் முன்போல் விரைவில் ஈடாகிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

ஆற்றின் அடி தாழ்ந்தால் கரை உயர்ந்ததாகவே ஆகிறது. 8 அடி உயரக் கரையின் அடியில் 6 அடி மண் போய்விட்டால், அது 14 அடி உயரச் சுவராக நிற்க வேண்டும். மணலும் வண்டலும் கலந்த கரைக்கு அவ்வுயரத்தில் செங்குத்தாக நிற்கும் வலிமை கிடையாது. வெள்ளம் ஏறும்போது நீரே கரையைத் தாங்கி நிற்கும். வெள்ளம் வடியும்போது அத்தாங்கல் நீங்கி, நனைந்து கனத்த கரை பாளம் பாளமாகச் சரியும். வெள்ளம் வடிந்த பின் நிலம் போயிற்றே என்று படுகைக் குடியானவர்கள் வியந்து வருந்துவதன் காரணம் இதுவேயாகும்.

ஆற்றினுள் வெட்டாமல் படுகையில் வெட்டிய குழியும் தீங்கற்றதன்று. ஆற்றுக்கும் குழிக்கும் இடையே ஒரு சிறு மண்மேடு மட்டும் விடப்பட்டிருந்தால், ஒரு பெருவெள்ளம் அதை உடைத்துக்கொண்டு குழிக்குள் பாயும். அதன்பின் ஆற்றுக்குக் குழியின் வழியே நேர்வழியாகிவிடும். பழைய போக்கை விட்டுப் புதுப்போக்கில் ஓடும். செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்றுப் பள்ளமாக்கிய வயல்கள் ஆற்றோரத்தில் இருக்குமாயின், அவை ஆற்றை ஊருக்குள் அழைக்கும் வாயில்கள் ஆகும்.

ஒரே மழையில் இரு பாடங்கள்

வெட்டுவதன் கேட்டையும் வரையறையின் நன்மையையும் ஒரே சமயத்தில் எடுத்துக்காட்டிய ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியில் நேர்ந்தது. நம் வைகையையும் பாலாற்றையும் போலவே அங்குள்ள ஆறுகளும் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடந்து, மழைக்காலத்தில் மட்டும் சீறி வருபவை. ஆகவே அந்த அனுபவம் நமக்கும் பாடமாகும்.

1969-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே பெருமழை பெய்தது. டுஹங்கா என்னும் காட்டாற்றின் படுகையில், சரளைக்கல் எடுப்பதற்காக வெட்டப்பட்ட மிக ஆழமான குழி ஒன்று இருந்தது. வெள்ளத்தின் ஒரு கிளை இக்குழிக்குள் பாய்ந்தது. நாம் மேலே விவரித்தவாறே குழியின் மேல்விளிம்பு அறுபட்டு ஓட்டத்திற்கு எதிராக ஏறிச் சென்றது. பக்கக் கரைகளும் அரிக்கப்பட்டன. மூன்று நெடுஞ்சாலைப் பாலங்கள் வீழ்ந்தன. ஏழு வீடுகளும் ஒரு பெருஞ்சாலையின் நீண்ட பகுதியும் அழிந்தன. குழி வெட்டியவர்களின் எல்லைக்குள் அப்பாலங்களும் இல்லை, அவ்வீடுகளும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி மற்றொரு பாடம். அதே நகரத்தின் மலைச்சரிவுகளில் வீடு கட்டுவோர் சரிவை வெட்டியும் நிரப்பியும் மனைகளை அமைத்து வந்தனர். மண்சரிவால் பலமுறை நஷ்டப்பட்டதன் பின், மண் வெட்டுவதையும் நிரவுவதையும் ஒழுங்குபடுத்தும் விதியொன்றை அந்நகராட்சி 1952-ஆம் ஆண்டு இயற்றியது. 1963-இல் அதை மேலும் கடுமையாக்கியது. 1969 மழைக்குப்பின் சேதத்தைக் கணக்கிட்டார்கள். 1952-க்கு முன் அமைந்த ஏறத்தாழ 10,000 மனைகளில் 1,040 சேதமடைந்திருந்தன. 1952 முதல் 1962 வரை அமைந்த 27,000 மனைகளில் 350 சேதமடைந்தன. 1963-க்குப் பின் அமைந்த 11,000 மனைகளில் சேதமடைந்தவை 17 மட்டுமே. அதாவது, விதி இல்லாத காலத்து மனைகளில் பத்துக்கு ஒன்றாக இருந்த சேதம், முதல் விதிக்குப்பின் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைந்து, இரண்டாம் விதிக்குப்பின் ஆயிரத்துக்கு இரண்டிற்கும் குறைந்தது. மலைச்சரிவு வேறு, ஆற்றுப் படுகை வேறு என்பது உண்மையே. ஆயினும், வேலை தொடங்கு முன் வரைபடமும், வேலை நடக்கும்போது மேற்பார்வையும், முடிந்தபின் பரிசோதனையும் இருக்குமானால் மண் தன் இடத்தில் நிற்கும் என்பது இரண்டிற்கும் பொதுவான உண்மை. விதிகளால் பயனில்லை என்று கையை விரிப்பவர்களுக்கு இக்கணக்கே விடை.

கொள்ளிடம் சொல்லும் செய்தி

அடிமட்டத்தின் அருமை நம் காவிரி நாட்டாருக்குப் புதிதன்று. காவிரியினின்றும் கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், சரிவு மிகுந்த கொள்ளிடம் ஆழமாகிக் கொண்டே சென்று தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. காவிரியின் தலைப்பு மேடிட்டுத் தஞ்சை வயல்கள் தவித்தன. 1836-ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் அங்கே மேலணையைக் கட்டிக் கொள்ளிடத்தைத் தடுத்தார். கட்டிய சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழாயிற்று. காவிரியின் அடி அரிக்கப்பட்டு ஆழமாகத் தொடங்கியது. அதைத் தடுக்க 1840-களில் காவிரித் தலைப்பிலும் அடிமட்டத்தில் குறுக்குச் சுவர் அமைக்க வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் அடிமட்டத்தை மாற்றினால் ஆறு வேறிடத்தில் கணக்குத் தீர்க்கும் என்பதை, இயந்திரங்கள் வருவதற்கு வெகு காலத்திற்கு முன்பே இவ்விடம் நமக்குக் கற்பித்தது.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொள்ளிடம் மீண்டும் அப்பாடத்தைச் சொன்னது. திருச்சிராப்பள்ளியில் 1928-இல் கட்டப்பட்டு, அப்போது போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தின் அரிப்பால் சாய்ந்து வீழ்ந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் இடிந்தன. இக்கட்டடங்கள் முதுமை எய்தியவை என்பதை மறுப்பதற்கில்லை, வெள்ளமும் பெரிது. ஆனால், கட்டடம் பழையதானால் அதன் அடியிலுள்ள மணலை முன்னிலும் பத்திரமாகக் காக்க வேண்டும் என்பதே அறிவுடைமை. கிழவர் நிற்கும் திண்ணையைப் பெயர்த்துவிட்டு, அவர் தள்ளாமையால் விழுந்தார் என்று கூறுவது முறையாகாது.

நிரவுவதிலும் கேடுண்டோ?

தோண்டுதல் தீங்கு என்பதை எளிதில் ஒப்புக்கொள்பவர்களும், நிலத்தைச் சமன் செய்வதில் என்ன கேடு என்று கேட்கக்கூடும். நீர் சீராகப் பாய்வதற்கு வயல் மட்டமாக இருத்தல் அவசியம் என்பதில் ஐயமில்லை. உள்வயலில் அரை அடி, ஓரடி வெட்டி நிரவுவதால் ஆறு கோபித்துக் கொள்ளாது. கேடு விளைப்பவை நான்கு செயல்கள்.

ஒன்று, ஆற்றோரத்து விளிம்பு மேட்டை வெட்டி உள்ளே உள்ள தாழ்விடத்தை நிரப்புதல். மண்ணைத் தேடி வெளியே செல்ல வேண்டாமல் தன் நிலத்திலேயே கிடைப்பதால் இது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் மேடு நீங்கிய இடம் அடுத்த வெள்ளத்திற்கு மதகாகிவிடும். இரண்டு, படுகையில் மண் கொட்டி உயர்த்துதல். ஒரு கரையில் நிலம் உயர்ந்தால் ஆற்றின் அகலம் குறையும். நீர் மட்டம் ஏறும். ஓட்டம் எதிர்க்கரையை மோதும். உயர்த்தியவர் வீடு தப்பும், எதிர்க்கரையில் தறி நெய்பவர் வீடு மூழ்கும். மூன்று, ஓடைகளையும் பழைய வாய்க்கால்களையும் தூர்த்து ஒரே பரப்பாக்குதல். வடிகால் அற்ற நீர் தானே ஒரு வழியை அறுத்துக்கொண்டு போகும். நான்கு, மழைக்கு முன் புல்லும் புதரும் அனைத்தையும் நீக்கி மண்ணை வெறுமையாக்கி விடுதல். வேரின் பிடியற்ற மண்ணை முதல் மழையே கரைத்துச் செல்லும். கரைந்த மண் கீழூரின் ஏரியிலும் வாய்க்காலிலும் போய்ப் படியும். ஒருவர் இழந்த வளம் மற்றொருவருக்குத் தூர்வாரும் செலவாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இத்துறையில் நமக்குச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆறுகளின் எல்லையை அளந்து படமாக்கி, அவ்வெல்லைக்குள் நடக்கும் வேலைகளைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு 1884-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் மணல், சரளை போன்ற சிறு கனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. அதன்படி 1959-இல் நம் மாநிலத்தின் சிறுகனிம விதிகள் உருவாயின. 2003-ஆம் ஆண்டு முதல் ஆற்றுமணல் எடுக்கும் உரிமையை மாநில அரசே தன்னிடம் வைத்துக் கொண்டுள்ளது. கட்டடத்திற்கும் சாலைக்கும் கரைக்கும் நிரப்புவதற்கு எடுக்கும் சாதாரண மண்ணும் சிறு கனிமமே என்று 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. தம் பட்டா நிலத்து மண்ணைத் தம் இஷ்டப்படி வெட்டி விற்கலாம் என்று கருதும் அன்பர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவில், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று கூறப்பட்டது. மணல் எடுப்பதற்கான வழிமுறைகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-இலும், கண்காணிப்பு முறைகளை 2020-இலும் வெளியிட்டது. ஆழத்திற்கு 3 மீட்டர் என்ற எல்லையும், மழைக்கு முன்னும் பின்னும் அளந்து எவ்வளவு மணல் திரும்ப வந்தது என்று கணக்கிடும் முறையும் அவற்றில் உள்ளன.

இவ்வளவும் இருந்தும் குறை எங்கே? அளவுகோல் கரையில் இருக்கும் மக்களின் கையில் இல்லாததே குறை. உதாரணமாக, 3 மீட்டர் என்ற எல்லையை எடுத்துக் கொள்வோம். எந்த மட்டத்திலிருந்து 3 மீட்டர்? இவ்வாண்டு காணும் தரையிலிருந்து என்று கொண்டால், அடுத்த ஆண்டு தாழ்ந்த தரையிலிருந்து மற்றொரு 3 மீட்டர் எடுக்க வழியாகும். ஒவ்வோர் ஆண்டும் விதியைக் காப்பாற்றிக்கொண்டே ஆற்றைப் பாதாளத்திற்குக் கொண்டு போய்விடலாம். ஆகவே, அசையாத ஒரு நிலைக்குறியிலிருந்து அளக்கும் அளவே அளவாகும்.

நல்ல அனுமதியின் இலக்கணம்

படுகையில் வெட்டவோ நிரவவோ அளிக்கப்படும் அனுமதி எதுவாயினும், அதில் பின்வருவன அடங்கியிருத்தல் நலம்.

முதலாவது, இடம். ஆற்று விளிம்பிலிருந்தும், பாலம், மதகு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டிய தூரம் திட்டமாகக் குறிக்கப்படல் வேண்டும். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவின் கரையைத் தொடவே கூடாது. ஓட்டம் மோதுவது அங்கேதான். இரண்டாவது, மட்டம். வேலைக்கு முன் உள்ள மட்டமும், முடிந்தபின் இருக்க வேண்டிய மட்டமும் நிலைக்குறியை ஒட்டி வரைபடத்தில் காட்டப்பட வேண்டும். மூன்றாவது, காலம். தென்மேற்குப் பருவத்தால் காவிரியில் வெள்ளம் வருமுன்னும், வடகிழக்குப் பருவம் தொடங்குமுன்னும் வேலை முடிந்து நிலம் மூடப்பட்டிருக்க வேண்டும். நான்காவது, மேல்மண். மேலே உள்ள ஓரடி வளமண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் பரப்ப வேண்டும். ஐந்தாவது, சரிவும் பசுமையும். வெட்டிய விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக்கி, வெட்டிவேர், நாணல் போன்றவற்றை நட வேண்டும். ஆறாவது, பிணைத்தொகை. செய்வதாகச் சொன்னதைச் செய்து முடித்த பிறகே திருப்பித் தரும்படி ஒரு தொகை கட்டிவைக்கப்பட வேண்டும். எழுத்தில் உள்ள நிபந்தனைக்கு உயிர் அளிப்பது இதுவே. ஏழாவது, பரிசோதனை. ஒரு மழைக்காலம் கழிந்த பின் நிலத்தை நேரில் பார்த்தே கணக்கை முடிக்க வேண்டும்.

இவையெல்லாம் சிறு குடியானவருக்குப் பெரும் சுமையாகாவோ என்ற கேள்வி நியாயமானது. உள்வயலைச் சிறிதளவு நிரவும் குடியானவருக்கும், நூற்றுக்கணக்கான லாரி மண் எடுப்பவருக்கும் ஒரே நடைமுறை வைப்பது தகாது. சிறு வேலைக்கு ஒரு தாளில் தெரிவிப்பே போதும். பெரு வேலைக்கே முழு வரைபடம் வேண்டும். மேலும், மண் வேண்டுவோருக்கு வேறு வழிகளும் உண்டு. வயலுக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் வேண்டிய வண்டலை, உரிய அனுமதி பெற்று ஏரி, குளங்களிலிருந்து கட்டணமின்றி எடுத்துக்கொள்ள நம் மாநில விதிகள் இடம் அளிக்கின்றன. அதனால் ஏரியும் ஆழமாகும், வயலும் வளம் பெறும். கட்டடத்திற்குக் கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. கற்குவாரிகளுக்கும் கட்டுப்பாடு தேவை என்றாலும், ஆற்றுமணலே கதி என்ற நிலை மாறிவிட்டது.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்யட்டும். நாம் செய்யக்கூடியதும் சிறிதன்று. ஆற்றோர ஊர்களில் உள்ள நம் சங்கங்கள், பாலத்தூண், படித்துறை, மதகுச் சுவர் போன்ற அசையாத ஓரிடத்தை, அதற்குரிய அதிகாரிகளின் சம்மதத்துடன், நிலைக்குறியாகக் கொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை, வெள்ளத்திற்கு முன் ஒன்றும் பின் ஒன்றும், அக்குறியிலிருந்து ஆற்றின் அடி எவ்வளவு தாழ்வில் உள்ளது என்று அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். ஒரு கயிறும், அளவு நாடாவும், நேர்மையான இரு அங்கத்தினரும் இதற்குப் போதும். ஐந்தாண்டுக் கணக்கு கையில் இருக்குமானால், கிராம சபையில் வெறும் ஆத்திரத்தோடு பேச வேண்டியதில்லை. எண்ணைக் காட்டிப் பேசலாம். ஆறு இவ்வளவு அடி தாழ்ந்தது, கிணறு இவ்வளவு அடி இறங்கியது என்று எழுதிக் கொடுத்த மனுவைத் தள்ளிவைப்பது எவர்க்கும் எளிதன்று.

நிலச் சீர்திருத்தத்திற்குக் கடன் வழங்கும் சங்கங்கள், அந்நிலம் படுகையைச் சேர்ந்ததா என்று ஒரு வினாவை விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்வது நலம். சேர்ந்ததாயின், எங்கிருந்து வெட்டி எங்கே கொட்டப் போகிறார் என்பதையும் கேட்டறிய வேண்டும். கடன் வாங்கிச் செய்த வேலையே நிலத்தைக் கொண்டு போகுமாயின், அங்கத்தினருக்கும் நஷ்டம், சங்கத்திற்கும் நஷ்டம். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஒரே ஆற்றின் கரையில் இருக்குமிடத்தில் இக்கணக்கை இருவரும் கூடிப் பார்ப்பது இன்னும் சிறப்பு. மேலூரில் வெட்டியது கீழூரில் வெளிப்படுவதால், ஓர் ஊரின் குறிப்பேட்டைவிட ஐந்து ஊர்களின் குறிப்பேடுகள் மிகுதியும் உண்மை பேசும்.

தறியில் அமர்ந்தவர் எவரும் பாவின் நடுவிலிருந்து தமக்கு வேண்டுமென்று நான்கு இழைகளை உருவ மாட்டார். உருவினால் அந்த இடத்தோடு குறை நிற்காது, துணி முழுவதும் தளரும் என்பது அவர்க்குத் தெரியும். ஆறும் அத்தகைய ஒரு பாவுதான். அதன் ஒரு முனை மேலூரிலும் மறுமுனை கீழூரிலும் கட்டப்பட்டிருக்கிறது. லாபம் எனக்கு, நஷ்டம் அயலானுக்கு என்ற கணக்கு கூட்டுறவு நெறிக்கு ஒவ்வாது என்பதை நாம் அறிவோம். அந்நெறியை ஆற்றங்கரைக்கும் கொண்டு செல்வோமாக. அடுத்த வெள்ளம் வருமுன் ஒவ்வோர் ஊரிலும் ஒரு நிலைக்குறி இடப்படுமானால், அளந்து எடுக்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கும்.